பேராயர் இல்லாத சபையில் யாரைத் திட்டுவது?

சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எது நடந்தாலும் திட்டுவதற்கு ஒரு பேராயர் இருப்பார். நல்ல ஆயரை வேறு சேகரத்துக்கு மாற்றிவிட்டார்களா, பள்ளிக்கூட நிலத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டார்களா, கல்லூரியில் பேரனுக்கு இடம் கிடைக்கவில்லையா, எல்லாம் பேராயர் கணக்கில் போய்ச் சேரும். ஆராதனை முடிந்து வெளியே நிற்கும் பெரியவர்கள் "பிஷப்பு என்ன பண்ணியிருக்காரு தெரியுமா" என்று ஆரம்பித்தால் பிரியாணி ஆறிப்போகும்வரை ஓயாது. நான் அப்படிப்பட்ட பேச்சைக் கேட்டே வளர்ந்தவன்.

ஸ்காட்லாந்துக்குக் குடிவந்து, இங்குள்ள தேசியத் திருச்சபையின் ஒரு சின்ன சபையில் சேர்ந்தபோதுதான் அந்த வசதியின் அருமை தெரிந்தது. சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் சபை, அதாவது போதகர்களும் மூப்பர்களும் கூடி ஓட்டெடுத்து நடத்துவது. பேராயர் கிடையாது. பேராயர் என்ற பேச்சை எடுத்தாலே இவர்களுக்கு ஆகாது. 1637ல் எடின்பரோ செயின்ட் ஜைல்ஸ் ஆலயத்தில் அரசரும் அவருடைய பேராயர்களும் புதிய ஜெப புத்தகத்தைத் திணித்தபோது, ஜென்னி கெட்டஸ் என்ற காய்கறிக்காரப் பெண் முக்காலியைத் தூக்கி வாசித்தவர் தலைமேல் எறிந்தாள் என்று இன்றைக்கும் சொல்லுவார்கள். அந்தப் பெண் உண்மையில் இருந்தாளா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. எங்கள் சபைப் பாட்டிகளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

பேராயரும் இல்லை, பேராலயத்து அதிகாரமும் இல்லை என்றால், கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதற்கு இவர்கள் ஒரு எண்ணை வைத்திருக்கிறார்கள். "ஒன்-டூ-ஒன்." எடின்பரோவின் ஜார்ஜ் தெருவில் 121ஆம் எண் கட்டடம், பல தலைமுறைகளாக திருச்சபையின் தலைமை அலுவலகம். "ஒன்-டூ-ஒன்ல இருந்து கடிதம் வந்திருக்கு", "ஒன்-டூ-ஒன் ஒத்துக்க மாட்டான்", "அதெல்லாம் ஒன்-டூ-ஒன் வேலை". கட்டடத்துக்கு உயிர் இருப்பதுபோல, அதுவும் கெட்ட எண்ணத்தோடு இருப்பதுபோலப் பேசுவார்கள்.

அந்த அலுவலகத்திலிருந்து வாராவாரம் செய்திகள் மின்னஞ்சலில் வரும். நான் அவற்றை விடாமல் படிப்பவன். எங்கள் சபையில் அப்படிப் படிப்பவர்கள் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன். காரணம் பக்திதான் என்று சொல்லமாட்டேன். ஒரு தேசியத் திருச்சபை தன் கண்முன்னே சுருங்குவதை, அதுவும் ஓட்டெடுத்து ஓட்டெடுத்துச் சுருங்குவதை, அந்தச் செய்திகளில் பார்க்க முடிகிறது.

ஒரே மடலில் என்னவெல்லாம் இருக்கும் பாருங்கள். திருச்சபையின் பொதுப்பேரவைக்குத் தலைவரான மாடரேட்டர் ஏதோ ஒரு தீவுக்குப் போய்வந்த படம். காசாவைப் பற்றி அறிக்கை. திபேரியாவில் கலிலேயா கடலோரமாகத் திருச்சபை வைத்திருக்கும் ஸ்காட்ஸ் ஹோட்டல் பற்றியோ, யாஃபாவில் நடத்தும் தபீதா பள்ளி பற்றியோ ஒரு செய்தி. கிராஸ்ரீச் என்ற பெயரில் நடக்கும் முதியோர் இல்லங்கள், போதைமீட்பு மையங்கள். ஓய்வுபெறும் போதகருக்கு வாழ்த்து. பிறகு, நடுவில் ஒரு மூலையில், ஏதோ ஒரு ஊரில் நூற்றைம்பது ஆண்டு ஆலயத்தில் கடைசி ஆராதனை நடந்தது என்ற நாலு வரி. மாதங்கள் கழித்து அதே ஆலயம் விற்பனைப் பட்டியலில் வரும்.

அந்த நாலு வரிக்குப் பின்னால் உள்ள கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1950களின் நடுவில் இந்தத் திருச்சபைக்கு 13 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 50 லட்சம். 2023 முடிவில் உறுப்பினர் எண்ணிக்கை 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் கீழே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தன்னைச் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்துக்காரன் என்று சொன்னவர்கள் 2001ல் 42.4 விழுக்காடு, 2011ல் 32.4, 2022ல் 20.4. அதே 2022ல் மதமில்லை என்றவர்கள் 51.1. பத்தாண்டுக்குப் பத்து, பன்னிரண்டு விழுக்காடு என்று ஒழுங்காகக் கரைந்து வருகிறது.

ஆள் குறைந்தால் கட்டடமும் குறையத்தானே வேண்டும், இதில் என்ன பெரிய சங்கடம் என்று கேட்கலாம். சங்கடம் இருக்கிறது. ஆள் நிறைந்திருந்த காலத்திலேயே கட்டடங்கள் தேவைக்கு அதிகம். அந்தக் கதை ஜார்ஜ் தெருவிலேயே ஆரம்பிக்கிறது.

அதே தெருவில், 121இலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம். நீள்வட்ட வடிவத்தில், உயரமான கோபுரத்தோடு இருக்கும். 1843 மே 18 அன்று திருச்சபையின் உச்ச மன்றமான பொதுப்பேரவை அங்கே கூடியது. ஊர்ச் சபைக்கு யார் போதகர் என்பதை நிலவுடைமையாளர் நியமிக்கலாமா, சபையார் முடிவுசெய்ய வேண்டுமா என்பது பத்தாண்டுச் சண்டை. நீதிமன்றங்கள் நிலவுடைமையாளர் பக்கம் நின்றன. பதவி முடிந்து இறங்கவேண்டிய மாடரேட்டர் டேவிட் வெல்ஷ் எழுந்து ஒரு எதிர்ப்புக் கடிதத்தை வாசித்தார், மேசையில் வைத்தார், வெளியே நடந்தார். பின்னால் தாமஸ் சால்மர்ஸ். அவர் பின்னால் வரிசை வரிசையாகப் போதகர்கள். கேனன்மில்ஸ் வரை நடந்துபோய் டான்ஃபீல்ட் மண்டபத்தில் ஃப்ரீ சர்ச் என்று தனிச்சபை தொடங்கினார்கள். மொத்தப் போதகர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 450க்கும் மேற்பட்டவர்கள், சம்பளத்தையும் குடியிருந்த வீட்டையும் ஒரே நாளில் விட்டுவிட்டு வந்தார்கள்.

வீரமான காரியம்தான். ஆனால் அடுத்த நாள் காலையில் நானூற்றுச் சொச்சம் குடும்பங்களுக்குச் சாப்பாடு போடவேண்டுமே? சால்மர்ஸ் கணக்கில் கெட்டிக்காரர். வாரத்துக்கு ஒரு பென்னி, ஏழையும் கொடுக்கலாம். எல்லாம் எடின்பரோவுக்கு வரட்டும். அங்கிருந்து எல்லாப் போதகர்களுக்கும் சமமாகப் பங்கு போகட்டும். கிளாஸ்கோ வணிகர்கள் நிறைந்த சபையின் காசு, ஹைலண்ட்ஸில் மீன்பிடிக்கிறவர்கள் நிறைந்த சபையின் போதகருக்குச் சம்பளமானது. மத்திய அலுவலகம் என்ற சங்கதிக்கு உண்மையான எலும்பு முளைத்தது அங்கேதான். பேராயர் வேண்டாம் என்றவர்கள் ஒரு கஜானாவை உண்டாக்கினார்கள். கஜானா இருந்தால் கணக்குப்பிள்ளை வருவான். கணக்குப்பிள்ளை வந்தால் கடிதம் வரும்.

இன்றைக்கும் அதே ஏற்பாடுதான், பெயர் வேறு. ஒவ்வொரு சபையும் தன் வருமானத்துக்கு ஏற்ப மையத்துக்குக் கட்டவேண்டும். இப்போது அதற்கு ‘கிவிங் டு க்ரோ’ என்று பெயர். போதகர் எந்தச் சபையில் இருந்தாலும் ஒரே சம்பள அளவுகோல். பணக்காரப் பேட்டையில் இருப்பவருக்கும் வேலையில்லாதவர்கள் நிறைந்த குடியிருப்பில் இருப்பவருக்கும் வித்தியாசம் கிடையாது. சென்னையில் நகரத்துப் பெரிய சேகரத்துக்கும் கிராமச் சேகரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தவன் நான். இந்த ஒரு விஷயத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள்மேல் எனக்கு மரியாதை ஜாஸ்தி. எங்கள் சபைப் பொருளாளர் அந்தத் தொகையை ‘கப்பம்’ என்கிற தொனியில் உச்சரிப்பார் என்பது வேறு.

கட்டடக் கதைக்கு வருகிறேன். வெளியே வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய ஆலயம் இருந்த ஊரிலெல்லாம் எதிரிலேயே இன்னொன்று கட்டினார்கள். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான புது ஆலயங்கள். கூடவே போதகர் வீடுகள், பள்ளிகள். ஏற்கெனவே பிரிந்துபோயிருந்த வேறு பிரஸ்பிட்டேரியன் பிரிவுகளுக்கும் தனித்தனி ஆலயங்கள். ஆக, ஒரு சிற்றூரில் ஒரே விசுவாசத்துக்கு மூன்று மணிக்கூண்டு. பிறகு சமாதானக் காலம் வந்தது. 1900ல் ஃப்ரீ சர்ச்சின் பெரும்பகுதி இன்னொரு பிரிவோடு சேர்ந்து யுனைடெட் ஃப்ரீ சர்ச் ஆனது. சேரமாட்டோம் என்று நின்ற மிகச் சிறிய கூட்டம் வழக்குப் போட, 1904ல் லண்டனில் பிரபுக்கள் சபை ‘சொத்து முழுவதும் அவர்களுக்கே’ என்று தீர்ப்பளித்தது. சில பத்துப் போதகர்கள் கையில் ஆயிரக்கணக்கான கட்டடங்கள்! நாடாளுமன்றம் 1905ல் தனிச்சட்டம் போட்டுத்தான் சிக்கலை அவிழ்த்தது. சபைச் சொத்து வழக்கு என்றால் நம்மூருக்கே உரியது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இதைப் படித்தபோது ஒருவித ஆறுதல்.

1929ல் யுனைடெட் ஃப்ரீ சர்ச்சும் பழைய திருச்சபையும் மறுபடி ஒன்றானார்கள். மனிதர்கள் ஒன்றானார்கள், கட்டடங்கள் அப்படியே நின்றன. ‘பழைய ஆலயம்’, ‘செயின்ட் ஏதோ ஆலயம்’ என்று ஒரே தெருவின் இரு பக்கமும் இரண்டு கூரை, இரண்டு ஆர்கன், இரண்டு பாய்லர். இன்றைக்கு அலுவலகம் விற்பனைப் பட்டியலில் போடும் கட்டடங்களில் பல, 1843 சண்டைக்காகக் கட்டப்பட்டவை. தாத்தாக்கள் வீறாப்பாக எழுப்பியதன் கூரைச்செலவு பேரப்பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது.

பொதுப்பேரவையே இதற்கு விதிவிலக்கு அல்ல. எடின்பரோ கோட்டைக்குப் போகும் வழியில் உயரமான கோபுரத்தோடு ஒரு கட்டடம் இருக்கும். இப்போது ‘தி ஹப்’ என்று பெயர், எடின்பரோ திருவிழாவின் தலைமையிடம், உள்ளே காஃபி கிடைக்கும். 1840களில் பழைய திருச்சபை தன் பொதுப்பேரவைக்காகக் கட்டிய மண்டபம் அது. 1929 இணைப்புக்குப் பிறகு, எதிராளி ஃப்ரீ சர்ச் ‘மவுண்ட்’ மேட்டில் கட்டியிருந்த மண்டபம் பெரிதாக இருந்ததால் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். இன்றும் மே மாதப் பேரவை அங்கேதான். 1999இலிருந்து 2004 வரை ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கும் அதே மண்டபத்தைத்தான் கடன் கொடுத்திருந்தார்கள்.

நம் பக்கத்துக்கு இந்தக் கதையில் ஒரு நேரடிக் கிளை உண்டு. 1843ல் இந்தியாவிலிருந்த ஸ்காட்டிஷ் மிஷனரிகள் வெளியேறியவர்கள் பக்கம் சேர்ந்தார்கள். கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் தான் எழுப்பிய கல்விக்கூடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. சென்னையில் ஜான் ஆண்டர்சன் 1837ல் தொடங்கியிருந்த பள்ளி ஃப்ரீ சர்ச்சின் பள்ளியானது. பின்னால் வில்லியம் மில்லர் கையில் அதுதான் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி. அந்த மில்லரை 1896ல் ஃப்ரீ சர்ச் தன் பொதுப்பேரவைக்கு மாடரேட்டராகத் தேர்ந்தெடுத்தது. தாம்பரம் வளாகத்தில் மரத்தடியில் உட்கார்ந்து அரட்டையடித்த எத்தனை பேருக்கு, எடின்பரோவில் யாரோ மேசையில் கடிதம் வைத்துவிட்டு வெளியேறியதில் தங்கள் கல்லூரிக்கும் பங்குண்டு என்று தெரியும்?

இனி அந்த அலுவலகத்துக்கு உண்மையில் என்ன அதிகாரம் என்று பார்க்கலாம். ஏட்டில் பார்த்தால், ஒன்றுமில்லை. ஊர்ச் சபையில் போதகரும் மூப்பர்களும் சேர்ந்தது கிர்க் செஷன். அதற்குமேல் வட்டாரத்துச் சபைகளின் பிரதிநிதிகள் கூடும் பிரஸ்பிட்டரி. அதற்குமேல் பொதுப்பேரவை. எல்லா மட்டத்திலும் போதகர்களும் மூப்பர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஓட்டுப்போடுவார்கள். பேரவையிலும் ஒரு அவசரக்காரக் கூட்டம் ஒரே மே மாதத்தில் திருச்சபையைப் புரட்டிப்போட முடியாதபடி 1697இலேயே ‘தடைச்சட்டம்’ ஒன்று போட்டு வைத்திருக்கிறார்கள்: அடிப்படையான மாற்றம் என்றால் பிரஸ்பிட்டரிகளுக்கு அனுப்பி, பெரும்பான்மை ஒப்புதல் வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு மறுபடி வரவேண்டும். மாடரேட்டர் ஒரு வருஷத்துக்குத்தான். வருஷம் முடிந்தால் மறுபடி சாதாரண ஆள்.

ஒரு வருஷ மாடரேட்டர் என்பது பார்க்க வேடிக்கையாகவும் இருக்கும், அழகாகவும் இருக்கும். 2023 பிப்ரவரியில் தென்சூடானுக்குச் சமாதானப் பயணம் போனவர்கள் மூன்று பேர்: போப் பிரான்சிஸ், கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி, மாடரேட்டர் இயன் கிரீன்ஷீல்ட்ஸ். முதல் இருவரும் உலகறிந்தவர்கள். மூன்றாமவருக்கு மே மாதத்தோடு பதவி முடிகிறது. மூவரும் ஜூபாவில் ஒன்றாக நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எங்கள் சபை மூப்பர் ஒருவர், "நம்ம ஆளு எந்தப் பக்கம் நிற்கிறாரு?" என்று கேட்டார். பெருமையும் கூச்சமும் சரிபாதி. அதே கிரீன்ஷீல்ட்ஸ்தான் 2022 செப்டம்பரில் எலிசபெத் ராணி இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு பால்மோரலில் விருந்தினராக இருந்தவர். ராணியானாலும் ராஜாவானாலும் ஸ்காட்லாந்தில் அவர் திருச்சபையின் தலைவர் அல்ல. பேரவைக்கு அவர் சார்பில் ஒரு லார்ட் ஹை கமிஷனர் வருவார். அவருக்கு மேலே தனி மாடம். விவாதத்தில் வாய் திறக்கக்கூடாது.

இவ்வளவு கட்டுப்பாடுகளுக்கு நடுவே, மே மாதத்தில் ஒரு வாரம் கூடிக் கலையும் பேரவை, மீதி ஐம்பத்தொரு வாரத்தை யாரிடமாவது ஒப்படைக்கத்தானே வேண்டும்? அங்கேதான் அலுவலகம் வருகிறது. 2019ல் பேரவை ‘தீவிரச் செயல்திட்டம்’ என்று ஒன்றை ஏற்று, பழைய கவுன்சில்களைக் கலைத்து, அசெம்பிளி டிரஸ்டிகள் என்ற சின்னக் குழுவிடம் நிர்வாகத்தைக் கொடுத்தது. 2021ல் ‘பிரஸ்பிட்டரி மிஷன் திட்டச் சட்டம்’. ஒவ்வொரு பிரஸ்பிட்டரியும் தன் எல்லைக்குள் எத்தனை போதகர், எத்தனை கட்டடம் என்று திட்டம் போடவேண்டும். நாடு முழுக்க 600 முழுநேர ஊழியப் பதவிகள், கூட 60 காலியிடங்கள், அவ்வளவுதான். நாற்பதுக்கு மேலிருந்த பிரஸ்பிட்டரிகளை ஒரு டஜனாகச் சுருக்குவதும் அதோடு சேர்ந்த வேலை. இப்போது வடகிழக்கும் வடதீவுகளும் ஒரே பிரஸ்பிட்டரி. ஷெட்லாண்டுக்காரரும் அபர்தீன்காரரும் ஒரே கூட்டத்தில். பாதிப்பேர் திரையில்தான் வருவார்கள்.

கட்டடங்களுக்கு இரண்டே எழுத்து. ‘ஏ’ என்றால் வைத்துக்கொள்ளலாம். ‘பி’ என்றால் குறிப்பிட்ட தேதிக்குள் மூடவேண்டும்.

எங்கள் வட்டாரத் திட்டத்தை விளக்குவதற்குப் பிரஸ்பிட்டரியிலிருந்து இருவர் வந்த சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆலயத்துக்குப் பின்னாலுள்ள ஹாலில் கூட்டம். கோட்டைக் கழற்றாமலேயே எல்லோரும் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவு குளிர். பெரிய தேநீர்ப் பாத்திரம் ஓரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. திரையில் ஒரு அட்டவணை: ஊர், கட்டடம், எழுத்து, தேதி. எங்கள் பெயருக்கு நேரே ‘பி’. பக்கத்து ஊருக்கு ‘ஏ’. அந்த ஊர் ஆலயத்தில் சக்கர நாற்காலி போகும் சாய்தளம் இருக்கிறது, வாகனம் நிறுத்த இடம் இருக்கிறது, ஆனால் வருகிறவர்கள் எங்களைவிடக் குறைவு.

முதலில் பேச்சே இல்லை. பிறகு முன்வரிசையில் இருந்த வயதான அம்மா கேட்டார்: "இதை யார் முடிவு செய்தது?"

வந்தவர் பொறுமையாகச் சொன்னார்: "பிரஸ்பிட்டரிதான். உங்கள் மூப்பரும் அதில் ஓட்டுப்போட்டார்."

எங்கள் மூப்பர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டார்.

"இல்லை," என்றார் அந்த அம்மா. "ஒன்-டூ-ஒன்தான்."

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. நானும் ஆட்டியிருப்பேன். ஆனால் அந்த அம்மா சொன்னது சரியல்ல என்று எனக்குத் தெரியும். 600 என்ற எண்ணைப் பேரவை ஓட்டெடுத்து ஏற்றது. அதை வட்டாரவாரியாகப் பிரித்ததும் ஓட்டுதான். எந்தக் கட்டடம் ‘ஏ’, எது ‘பி’ என்பதும் ஓட்டு. ஒவ்வொரு படியிலும் எங்களில் ஒருவர் கையைத் தூக்கியிருக்கிறார். அலுவலகத்தில் இருப்பவர்கள் அந்தக் கைகளை எண்ணி, கடிதமாக்கி, எங்களுக்கே அனுப்பினார்கள். நாம் போட்ட ஓட்டு தபாலில் திரும்பி வரும்போது நமக்கே அடையாளம் தெரிவதில்லை. ஒரு மனிதரைத் தலைமேல் உட்காரவைக்கக் கூடாது என்று நானூறு ஆண்டு சண்டை போட்டவர்களுக்கு, தாங்களே எடுத்த முடிவு கசக்கும்போது ஒரு எதிராளி தேவைப்படுகிறது. அதற்கு ஒரு வீட்டு எண் போதுமானதாக இருக்கிறது.

அதற்காக அலுவலகத்தை முழுக்க உத்தமர்கள் என்றும் சொல்லமாட்டேன். அவர்கள் எழுதும் மொழி ஒரு தனி நோய். ‘சரியான இடங்களில் வசதியான வெளிகள்’ என்பார்கள். உங்கள் ஆலயத்தை மூடுகிறோம் என்று அர்த்தம். ஊழியத்தின் ஐந்து அடையாளங்கள் என்று ஒரு பட்டியல் எல்லா ஆவணத்திலும் முதல் பக்கத்தில் வரும். கடைசிப் பக்கத்தில் தேதி வரும். துக்க வீட்டில் வந்து முன்னேற்றப் பாதை என்று பேசினால் யாருக்குத்தான் எரியாது? நேராக, "பணமில்லை, போதகர் இல்லை, மன்னிக்கவும்" என்று எழுதியிருந்தால் அந்த அம்மா பாதிக் கோபத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சபை மூடியது. கடைசி ஆராதனைக்கு நானும் போயிருந்தேன். பல ஆண்டுகளாக வராதவர்களெல்லாம் அன்றைக்கு வந்திருந்தார்கள். கல்யாணம் நடந்த இடம், ஞானஸ்நானம் வாங்கிய இடம் என்று. அவ்வளவு பேரும் ஒழுங்காக வந்திருந்தால் மூடியே இருக்கமாட்டார்கள் என்று என் பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார். முடிவில் மூப்பர் பெரிய வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு நடுவழியாக வெளியே போனார், நாங்கள் பின்னால்.

அதன்பிறகுதான் வேலையே. உள் அறையில் ஒரு இழுப்பறையைத் திறந்தால் பழைய ஈயத் துண்டுகள், விரல்நகம் அளவு, ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் ஆண்டும் பொறித்தவை. ஒருகாலத்தில் மூப்பர்கள் வீடுவீடாகப் போய், ஒழுக்கமாக இருப்பவர்களுக்கு மட்டும் அதைக் கொடுப்பார்களாம். துண்டு இருந்தால்தான் நற்கருணைப் பந்தியில் இடம். வெள்ளிப் பாத்திரங்கள் எங்கே போகும்? இரண்டு உலகப்போர்களிலும் செத்த ஊர்ப் பையன்களின் பெயர் பொறித்த கல்பலகை சுவரோடு சுவராகப் பதித்தது, அதை என்ன செய்வது? ஆர்கனை யாரும் சும்மா கொடுத்தால்கூட வாங்குவதில்லை. வெளியே கல்லறைத் தோட்டம்: 1925 சட்டப்படி அது உள்ளாட்சியின் சொத்து. ஆலயத்தை வாங்குகிறவர் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் எதிரே கல்லறைகள் இருக்கும், பூ வைக்க வருகிறவர்களும் இருப்பார்கள். இத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியல் போட்டு முடிவெடுப்பவர்கள், சொத்துகளைத் திருச்சபை சார்பில் வைத்திருக்கும் ஜெனரல் டிரஸ்டிகளும் அவர்களின் அலுவலர்களும். அந்த வேலையைச் செய்கிறவர்களை நான் ஒருநாளும் திட்டமாட்டேன்.

பிறகு விளம்பரம் வரும். ‘இந்த விலைக்கு மேல் கேட்பவர்கள்’ என்று ஸ்காட்லாந்துக்கே உரிய முறையில், மூடிய உறையில் விலை கேட்பார்கள். வாங்கியவர் என்ன செய்வார் என்பது அவர் இஷ்டம். கிளாஸ்கோவில் ஒரு பழைய ஆலயத்துக்குள் செங்குத்துச் சுவரேறப் பழகுகிறார்கள். பையர்ஸ் ரோடு முனையில் இருந்த இன்னொன்று ‘ஓரன் மோர்’ என்ற மதுவிடுதியும் அரங்கும். அதன் கூரையில் அலஸ்டர் கிரே வரைந்த ஓவியத்தைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். நானும் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். நல்ல ஓவியம்.

ஜார்ஜ் தெருக் கட்டடத்தையே விற்றுவிடலாம் என்ற பேச்சும் சபைக்குள் பல ஆண்டுகளாக ஓடுகிறது. விற்றால் என்ன, வேறு எண்ணைத் திட்டுவோம்.

இந்த இடத்தில் லெஸ்லி நியூபிகினை நினைக்காமல் இருக்கமுடியவில்லை. இதே திருச்சபை 1936ல் அனுப்பிய மிஷனரி. காஞ்சிபுரத்தில் வேலை செய்தவர். 1947 செப்டம்பர் 27ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, 37 வயதில் மதுரை-ராமநாதபுரத்தின் பேராயரானார். ஸ்காட்லாந்துப் போதகர் பேராயராவதா என்று இங்கே சிலருக்கு நெருடல். பின்னால் சென்னைப் பேராயராக இருந்து, 1974ல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பி, பர்மிங்காமில் மூடும் நிலையிலிருந்த ஒரு சின்ன சபைக்குப் போதகராகப் போனார். இந்தியாவைவிட இங்கிலாந்தில்தான் ஊழியம் கடினம் என்று உணர்ந்தவர் அவர். இரண்டு ஏற்பாட்டையும் உள்ளேயிருந்து பார்த்தவர். இரண்டிலும் எதை ரசித்தார், எதைச் சகித்தார் என்று கேட்கக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் பார்த்தவரைக்கும், பேராயர் முறையில் ஒரு நல்லவர் வந்தால் இருபது ஆண்டு வேலை ஐந்தாண்டில் நடக்கும். கெட்டவர் வந்தால் நீதிமன்றம்தான் காப்பாற்ற வேண்டும். இங்கே நல்லவராலும் அவசரமாக எதுவும் செய்யமுடியாது, கெட்டவராலும் முடியாது. கணக்கு அச்சடித்து எல்லோர் கையிலும் வருகிறது. ஆலயத்தை மூடுவதற்குக்கூட மூன்று மட்டத்தில் கை தூக்கவேண்டும். எனக்கு இந்த மெதுவான முறைதான் பிடித்திருக்கிறது, என் ஆலயத்தையே அது மூடப்போகிறது என்றாலும். 2022ல் பேரவை, பழைய சூனியச் சட்டத்தின்கீழ் கொல்லப்பட்டவர்களுக்காக மன்னிப்புக் கேட்டது. 1563இல் வந்த சட்டம், 1736இல் ஒழிந்தது, மன்னிப்பு வர இன்னும் 286 ஆண்டு. எங்கள் வேகம் அதுதான்.

இப்போது எங்கள் செஷன் முன்னால் இருப்பது பாய்லர். இந்த மார்கழிக் குளிரில் நின்றுபோனது. ‘பி’ கட்டடத்துக்குப் பெரிய செலவு செய்யவேண்டுமென்றால் மேலே கேட்கவேண்டும். கேட்டால் பதில் வருவதற்குள் வசந்தம் வந்துவிடும். புதிதாகப் போட்டால் மூடும் தேதிவரை சில குளிர்காலங்கள் ஓடும். போடாவிட்டால் வயதானவர்கள் இப்போதே வராமல் நின்றுவிடுவார்கள். பிறகு திட்டத்தில் சொன்ன தேதிக்கு அவசியமே இருக்காது. பொருளாளர் மூன்று இடத்தில் விலை கேட்டு வாங்கிவைத்திருக்கிறார். பழைய பாய்லரையே பழுது பார்ப்பதாகச் சொல்கிறவரின் விலைதான் குறைவு. செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு. நான் பழுதுபார்க்கத்தான் கை தூக்கப்போகிறேன்.